‘மாற்றம் இல்லை’ என்று எழுதிய மூன்று நாள்கள்

ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷம் எல்லாரும் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அதுவே அவளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. கணவன்கூடக் கோபம் வந்தால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். மற்ற நேரமெல்லாம், “சிஸ்டர், என் சாக்ஸ் ஒண்ணைக் காணோம், வார்டுல தேடிப் பாருங்க” என்பதுதான்.

ஒருநாள் கனத்த உடம்புக்காரர் ஒருவரைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அவள் இடுப்பில் ஏதோ சடக்கென்றது. அதோடு வார்டு வேலை முடிந்தது. ஆறு மாதம் படுக்கை, பெல்ட், பயிற்சி. நடக்கலாம், உட்காரலாம், நாள் முழுக்க நிற்கவோ ஆளைத் தூக்கவோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓயாமல் வேலை பார்த்தவளுக்கு வீட்டில் சும்மா இருப்பது முள்மேல் இருப்பதாக இருந்தது. அப்போதுதான் சர்க்கரைப் புண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் ஒரு கிளினிக்கின் டாக்டர் கூப்பிட்டார்.

வேலை இதுதான். கிளினிக்கில் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் புண்ணைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அது கிளினிக்கின் வலைத்தளத்தில் அவரவர் பக்கத்தில் ஏறும். சிஸ்டர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்த்து, கீழே ஒரு வரி எழுத வேண்டும். தேறுகிறது, மாற்றம் இல்லை, அல்லது டாக்டர் உடனே பார்க்கவும். அவள் மூன்றாவதை எழுதினால்தான் டாக்டர் அந்தப் பக்கத்தைத் திறப்பார். அவளுடைய கண்ணை அவ்வளவு நம்பினார். தப்பான நம்பிக்கை என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புண்ணின் ஓரம் வெளுத்திருப்பதை வைத்தே உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று சொல்லக்கூடியவள் அவள்.

படுக்கையறை ஜன்னலை ஒட்டி மேசை போட்டு, பழைய கம்ப்யூட்டரை அதில் வைத்துக் கொடுத்தான் கணவன். “காலையில எழுந்ததும் காலைப் பாக்கிற உத்தியோகம். யாருக்குக் கிடைக்கும்?” என்று சிரித்தான். ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து பாதங்கள். விரலிடுக்கு, குதிகால், கணுக்கால்.

தொல்லை ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டரும் பழசு, இணைப்பும் சவலை. ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழே, பாயை விரிப்பதுபோல, மெதுவாகத் திறக்கும். கிளினிக்கின் சின்னம் வரும், பொத்தான்கள் வரும், பாதத்தின் வரைபடம் வரும், அதன்பிறகு போனால் போகிறதென்று போட்டோ வரும். முன்வாரப் போட்டோவோடு ஒப்பிடலாம் என்று பின்னால் போனால் அதுவும் முதலிலிருந்து. பத்து மணிக்கு முடியவேண்டிய வேலை ஒரு மணிக்கு முடிந்தது. அதற்குள் இடுப்பு கெஞ்சும்.

“ஏங்க, இதை ஏதாவது பண்ணுங்களேன். நடு முதுகுல யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு” என்று ஒரு சனிக்கிழமை சொன்னாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். மோட்டாரும் வயரும் ரிலேயும் அவன் சொன்னபடி கேட்கும். கம்ப்யூட்டர் அவன் படிப்பு அல்ல. ஆனாலும் எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரத்தில் எழுந்தான்.

“பாத்த படத்தையே ஒவ்வொரு தடவையும் வெளியிலேருந்து இழுத்துட்டு வந்துட்டிருக்கு. ஒருவாட்டி வந்ததை இங்கேயே வச்சுக்கோ, திரும்பப் போகாதேன்னு சொல்லிட்டேன். இப்பப் பாரு.”

பார்த்தாள். பக்கங்கள் சட்டென்று வந்து நின்றன. புதுப் போட்டோ வரத்தான் கொஞ்சம் நேரம். மற்றதெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள். திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு வேலை முடிந்து, தரையில் பாய் போட்டு முதுகை நீட்டிப் படுத்தாள். சாயங்காலம் அவன் வந்ததும், “நீங்க நல்லா இருக்கணும்” என்றாள். அவன் அன்று இரவு முழுக்கத் தலைகால் புரியாமல் இருந்தான்.

செவ்வாய்க்கிழமை டிரைவர் வந்தார். வந்தார் என்றால் அவர் பாதம் வந்தது. பஸ் ஓட்டுகிறவர், ஐம்பத்து நான்கு வயது. இடது காலில் இரண்டாவது விரலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் புண். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர். ஷூவுக்குள் ஒரு சின்னக் கல்லோடு நாள் முழுக்க கிளட்சை மிதித்திருக்கிறார், தெரியவே இல்லை. கிளினிக்கில் சுத்தம் பண்ணி அனுப்பியிருந்தார்கள். அவருடைய வீட்டுக்காரம்மா போட்டோ எடுப்பாள். வலைத்தளத்தில் ஏற்ற அவளுக்குத் தெரியாததால், கிளினிக் கிளார்க்கின் போனுக்கு அனுப்பிவிடுவாள், அவர் ஏற்றிவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போட்டோ அழகாக இருந்தது. புண்ணுக்கும் அழகு உண்டு, சிஸ்டரைக் கேட்டால் சொல்லுவாள். மாதுளை முத்துப்போலச் சிவந்து, ஈரமாக, சுற்றிலும் தோல் உயிரோடு இருந்தது. பாதத்துக்கு அடியில் நீலக்கோடு போட்ட ஒரு வெள்ளைத் துண்டு. அதன் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து கொக்கிபோல வளைந்திருந்தது. ‘தேறுகிறது’ என்று எழுதினாள்.

வியாழக்கிழமை திறந்தாள். மேலே அன்றைய தேதி. கீழே மாதுளை முத்து. ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினாள்.

சனிக்கிழமையும் தேதி புதுசு, புண் அப்படியே. அந்த நூலை அன்றைக்குத்தான் கவனித்தாள். அதே துண்டு, அதே நூல், அதே இடத்தில். ‘எவ்வளவு நேர்த்தியான பொம்பள! ஒவ்வொரு தடவையும் துவைச்சு, அதே மாதிரி விரிச்சு, காலை அதே மாதிரி வைக்கிறா’ என்று நினைத்துக்கொண்டாள். சில வீடுகளிலிருந்து வரும் போட்டோவில் புண்ணுக்குப் பக்கத்தில் டிவி ரிமோட் கிடக்கும், பூனை வால் தெரியும். அவர்களுக்கெல்லாம் இவளைக் காட்டிப் புத்தி சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த பாதத்துக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை போன் அடித்தது. டிரைவரின் வீட்டுக்காரம்மா. கிளார்க்கிடம் கெஞ்சி நம்பர் வாங்கியிருந்தாள்.

“சிஸ்டர், தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. அவர் காலு… ஒரு மாதிரி நாத்தம் வருது சிஸ்டர்.”

“இருங்கம்மா, பாக்கிறேன்.” திறந்தாள். மேலே திங்கட்கிழமை தேதி. கீழே சிவப்பு. “படம் பாத்துட்டுத்தான் பேசறேன். புண்ணு சுத்தமா இருக்கும்மா. காய்ச்சல் இருக்கா?”

“இல்ல. சோர்வா இருக்கார். வலியே இல்லைங்கறார்.”

“அவருக்கு வலி தெரியாது. கட்டு எப்ப மாத்தறீங்க?”

“காலையில ஒருதடவை.”

“இந்த வெக்கைக்கு பஞ்சு ஊறி வாடை வரும். ரெண்டு வேளை மாத்துங்க. பயப்படாதீங்க, படத்துல நல்லாத்தான் இருக்கு.”

“நல்லாத்தான் இருக்கா?” என்று அவள் இன்னொரு தடவை கேட்டாள்.

“நல்லா இருக்கும்மா.”

“சரி சிஸ்டர். நீங்க சொன்னா சரி.”

‘மாற்றம் இல்லை’ என்று எழுதினாள். போன் வந்ததை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரின் குரல் போனில் வழக்கத்தைவிடத் தணிந்து வந்தது.

“சிஸ்டர், பஸ் டிரைவரோட திங்கட்கிழமை போட்டோவைப் பாத்துட்டுத்தான் எழுதினீங்களா?”

“பாத்தேன் டாக்டர். ஏன்?”

“என்ன பாத்தீங்க?”

“சிவப்பா, சுத்தமா இருந்தது. ஓரமெல்லாம் நல்லா…”

“அவரை விடியக்காலையில பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. குளிர் ஜுரம். விரல் செத்துப்போச்சு. இப்ப அந்தப் பக்கத்தைத் திறங்க.”

திறந்தாள். “திறந்திருக்கேன் டாக்டர். சிவப்பாத்தான் இருக்கு.”

போனில் டாக்டர் தன் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

“எனக்குக் கறுப்பா இருக்கு சிஸ்டர்” என்றார் டாக்டர்.

போனை வைத்தபிறகு அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மாதுளை முத்து. ஒரே பக்கம், ஒரே தேதி, ஒரே கால். அவருக்குக் கறுப்பு, இவளுக்குச் சிவப்பு. தனக்குத்தான் மூளை பிசகிவிட்டதா என்று பயந்து கணவனைக் கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதும், திறந்துபோட்ட லிஃப்டை உதவியாளரிடம் விட்டுவிட்டு, கிரீஸ் கையோடு இருபது நிமிஷத்தில் வந்து நின்றான்.

அவன் எதற்கும் முதலில் பதறமாட்டான். நின்றுபோன லிஃப்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், இரண்டை மாற்றினால் எது கோளாறு என்று தெரியாது என்பது அவன் கணக்கு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான். நிறத்தைப் பழையபடி வைத்தான். வயரைக் கழற்றி மாட்டினான். சிவப்பு அசையவில்லை. பிறகு தன் போனை எடுத்து, அவளிடம் கடவுச்சொல் கேட்டு, அதே பக்கத்தைத் திறந்தான். திரைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தான்.

போனில் விரல் கறுத்திருந்தது. அடியில் பச்சை பாய்ந்திருந்தது.

“அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்கு” என்றாள் சிஸ்டர். ஒரு நொடி அதில் நிம்மதிகூட வந்தது. அப்புறம் அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டாள்.

“கோளாறு இந்தப் பெட்டியிலதான். படம் வர்ற வழியில எங்கியோ…” என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் படத்தின்மேல் அழுத்தி அதன் விவரத்தைத் திறந்தான். வந்து சேர்ந்த நாள் என்ற இடத்தில் எட்டு நாளுக்கு முந்தைய தேதி இருந்தது. அவன் கை நின்றது. பிறகு செட்டிங்ஸுக்குள் போனான். நேராகப் போனான், தேடவில்லை. பார்த்த படத்தை மறுபடி கொண்டுவரவா என்று கம்ப்யூட்டர் கேட்டிருந்த கேள்வி அங்கே இருந்தது. ஒவ்வொரு தடவையும், தேவைப்பட்டால், வேண்டவே வேண்டாம் என்று மூன்று பதில்கள். மூன்றாவதற்கு எதிரே புள்ளி இருந்தது.

“இது நான் வச்சது” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே சொன்னான். “தேதியெல்லாம் எழுத்து, அது புதுசாத்தான் வரும். படம் புதுப் பேர்ல வந்தா எடுத்துக்கும். பழைய பேர்லயே வந்தா, இது என்கிட்ட இருக்கேன்னு பழசையே காட்டும். இவரோடது பழைய பேர்லயே வந்துட்டிருக்கு.”

சேமித்து வைத்ததையெல்லாம் அழிக்கும் பொத்தானை அழுத்தினான். சிவப்பு மறைந்தது. வெறும் கட்டம் ஒன்று தெரிந்தது. பிறகு, பழையபடி மெதுவாக, மேலிருந்து கீழே படம் விரிய ஆரம்பித்தது. முதலில் தெரிந்தது மஞ்சள் நிறம்.

“துண்டு வேற” என்றாள் சிஸ்டர்.

அதற்குக் கீழே வந்ததை அவள் முழுக்கப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவன் வெளியிலேயே நின்றான். ஒரு தடவை கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை. தட்டுவதை விட்டுவிட்டான்.

கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். நேராக மேசைக்குப் போய், கிளார்க்குக்குப் போன் போட்டு, அவர் மூலமாக ஏறும் படங்கள் வேறு யாருடையவை என்று கேட்டாள். டிரைவரைச் சேர்த்து நாலு பேர். நோயாளி நம்பரையே படத்துக்குப் பெயராக வைத்து, புதுசை ஏற்றும்போது பழசை அழித்துவிடுவாராம். இடம் அடைத்துக்கொள்ளக் கூடாதே என்று.

“கண்ணால காண்பதும் பொய்ன்னு சும்மாவா சொன்னாங்க சிஸ்டர்” என்றார் கிளார்க்.

அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பாள். போனை வைத்துவிட்டு மற்ற மூன்று பேரையும் திறந்தாள். ஒருவருக்குப் புண் மூடியே விட்டிருந்தது. இவள் ஒரு வாரமாக அவருக்கும் மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறாள். மற்ற இருவருக்கும் கெடுதல் இல்லை. இருந்தாலும் மூன்று பேருக்கும் போன் செய்தாள். காய்ச்சல் உண்டா, வாடை உண்டா, வீக்கம் உண்டா? வாடை உண்டா என்பதை மட்டும் ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை கேட்டாள்.

கிளினிக்கில் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மறுநாள் சாப்பாட்டு மேசையில் தாளோடு உட்கார்ந்தாள். கணவன் வேலைக்குப் போகாமல் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

“என் வீட்டுக்காரர் செட்டிங்ஸை மாத்திட்டார், எனக்குத் தெரியாதுன்னு எழுது. அதுதானே நெஜம்?”

“எழுதறேன்.”

“பழைய பேர்லயே படம் ஏத்தறது கிளார்க் தப்பு. அதையும் எழுது. அதுவும் நெஜம்தான்.”

“அதையும் எழுதறேன். அந்தம்மா போன் பண்ணதையும் எழுதணும்.”

அவன் தாளின்மேல் கையை வைத்தான். “அது எங்கேயும் பதிவாகல. யாரும் கேக்கல. ஏன் நீயா போய்த் தலையைக் குடுக்கறே?”

“நாத்தம் வருதுன்னு சொன்னாங்க. பதினேழு வருஷம் சர்வீஸ். நாத்தம்னு சொன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? வார்டுல இருந்திருந்தா ஓடியிருப்பேன். படம் நல்லா இருக்கேன்னு அவங்களுக்குச் சமாதானம் சொன்னேன். கம்ப்யூட்டர் என்னை ஏமாத்திச்சு, சரி. அந்தம்மா ஏமாத்தலையே?”

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கோபத்தில் இல்லை. “நான் அன்னிக்கு அந்தப் பெட்டியைத் தொட்டிருக்கவே கூடாது” என்றான்.

“நான்தான் தொடச் சொன்னேன். முதுகு வலிக்குதுன்னேன்.”

அதற்குமேல் யார் பேசினாலும் சண்டையாகும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவள் எழுதினாள். கடைசிப் பத்தியில் திங்கட்கிழமை போனை எழுதினாள். வீட்டுக்காரம்மா சொன்னதையும், தான் சொன்ன பதிலையும், கூடியவரை அதே வார்த்தைகளில். டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இந்தக் கடைசிப் பத்தி அவசியமா சிஸ்டர்? யோசிச்சு நாளைக்குக் குடுங்களேன்” என்றார். யோசித்தாயிற்று என்றாள். தாளை வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். கணவன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். மாடி வராந்தாவில் பெஞ்சில் வெறுமையான முகத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் துண்டு மடித்து வைத்திருந்ததால் யாரென்று தெரிந்தது.

“நான்தான் கிளினிக் சிஸ்டர். போன்ல பேசினேனே.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. “ரெண்டு விரல் எடுத்துட்டாங்க. நேத்து” என்றாள். “காலு மிஞ்சிடும்ங்கறாங்க. சொல்றாங்க.”

சிஸ்டர் நடந்ததைச் சொன்னாள். பழைய படம், புதுப் படம், கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் வராந்தாவில் நின்றபடியே சொன்னாள். சொல்லச் சொல்ல, அது எவ்வளவு உப்புச்சப்பில்லாத காரணம் என்று அவளுக்கே தோன்றியது. ஒரு பாம்பு கடித்தது என்றால்கூட மரியாதையாக இருக்கும்.

வீட்டுக்காரம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு தன் போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றாகக் காட்டினாள். கிளார்க் அழித்த படமெல்லாம் அவளிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை சிவப்பு, நீலக்கோட்டுத் துண்டு. வியாழக்கிழமை பூப்போட்ட துண்டு. விரலின் ஓரம் லேசாக மங்கியிருந்தது, ஊமைக்காயம்போல. சனிக்கிழமை நகத்தைச் சுற்றி ஊதா. திங்கட்கிழமை மஞ்சள் துண்டு.

சிஸ்டரின் பார்வை சனிக்கிழமை படத்தில் நின்றது. அன்றைக்கு டாக்டர் பார்த்திருந்தால் விரல் போயிருக்காது. இது ஊகம் இல்லை, அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். எதிரில் இருப்பவளுக்கு அது தெரியாது. சொல்லாமல் விட்டுவிடலாம்.

“இந்தப் படத்தை நான் பாத்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம்” என்றாள்.

வீட்டுக்காரம்மா போனை அணைத்துத் துண்டுக்கு அடியில் வைத்தாள்.

“நான் சொன்னேன்ல சிஸ்டர்?”

“சொன்னீங்க.”

“நாத்தம் வருதுன்னு சொன்னேன். படத்துல நல்லா இருக்குன்னீங்க. நானும் நம்பிட்டேன். போனை வச்சுட்டு உள்ள போனேன், அதே நாத்தம். எனக்குத்தான் மூக்கு சரியில்லையோன்னு நெனச்சேன். அவரைத் தூங்கச் சொல்லிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டேன்.” குரலை உயர்த்தவே இல்லை. “என் புருஷன் காலு. என் மூக்கு. உங்களைக் கேட்டு நடந்தேன்.”

சிஸ்டர் மன்னியுங்கள் என்று சொன்னாள். அது அந்த வராந்தாவில் தவறி விழுந்த சில்லறைபோலச் சத்தம் போட்டுவிட்டு அடங்கியது.

உள்ளே டிரைவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீசை மட்டும் ஒழுங்காக இருந்தது. யார் என்று தெரிந்ததும், “அட, சிஸ்டரம்மா! என் காலை மட்டும்தானே பாத்திருக்கீங்க. மொகமும் சுமாராத்தான் இருக்கும், பாத்துக்கோங்க” என்றார். அவள் மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “கேட்டுச்சு. வராந்தா பக்கத்துலதான் இருக்கு.” கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கிளட்சு மிதிக்க முடியுமா சிஸ்டர்? அதை மட்டும் சொல்லுங்க. பொய் சொல்லாம.”

“பஸ் கிளட்சு கஷ்டம்தான்.”

“ம்” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் ஐந்து நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

கிளினிக்கிலிருந்து ஆறு வாரம் அவளுக்குப் படம் எதுவும் வரவில்லை. ஏழாவது வாரம் வந்தது. அதற்குள் எல்லாப் படமும் தேதியோடு பெயர் வாங்கிக்கொண்டு ஏறும்படி செய்திருந்தார்கள். ஒவ்வொரு நோயாளியையும் வாரம் இருமுறை போனில் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்று புது விதியும் போட்டிருந்தார்கள். அவள் எழுதிக்கொடுத்த கடைசிப் பத்தியைப் படித்துத்தான் அந்த விதி வந்தது என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. வேலை மறுபடி ஒரு மணி, ஒன்றரை மணிக்குத்தான் முடிந்தது. கணவன் அந்த மேசைப் பக்கமே வருவதில்லை. ஒருநாள் வயர் கழன்று திரை இருண்டுபோனபோதுகூட, “கடையிலேருந்து யாரையாவது வரச் சொல்றேன்” என்றான். அவளே குனிந்து மாட்டிக்கொண்டாள். சாக்ஸ் காணாமல் போனால் இப்போதெல்லாம் தானே தேடுகிறான்.

டிரைவரை டிப்போவில் நேரம் குறிக்கும் மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று கிளார்க் மூலமாகத் தெரிந்தது. அவர் இப்போது படம் அனுப்புவதில்லை. வீட்டுக்காரம்மா வாரா வாரம் கிளினிக்குக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாளாம். சிஸ்டர் கூப்பிடவேண்டிய பட்டியலில் அவர் பெயர் இல்லை.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, பத்து மணி இருக்கும், அந்த எண்ணிலிருந்து போன் வந்தது.

“சிஸ்டர்தானே?” பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. “வலது காலு. குதிகால்ல வெடிப்பு. இன்னிக்குக் கிளினிக் நாள் இல்ல. நான் படம் அனுப்பப் போறதில்ல. நேர்ல வந்து பாக்க முடியுமா?”

“வரேன்” என்றாள் சிஸ்டர். விலாசத்தை எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது மாடி. படிதான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா ஒதுங்கி வழிவிட்டாள். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். சிஸ்டர் தரையில் மண்டியிட்டாள். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. வெடிப்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் காலைத் திருப்பச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தாள்.

“ஈரம் இல்ல. சூடு இல்ல. வாடை இல்ல. ஆனா ஆழமா இருக்கு. டாக்டர் இன்னிக்கே பாக்கணும். நான் போன் பண்ணிச் சொல்றேன், கிளினிக் நாள் இல்லைன்னாலும் பாப்பார்.”

“பயப்பட ஒண்ணும் இல்லைன்னு சொல்லமாட்டீங்களா?” வீட்டுக்காரம்மா கேட்டாள். கேலியா, கெஞ்சலா என்று தெரியவில்லை.

“சொல்லமாட்டேன்.”

வீட்டுக்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் வேறு புடவை மாற்றிக்கொண்டு, பையோடு வந்தாள். “கிளம்புங்க” என்றாள். யாரைச் சொன்னாள் என்று சிஸ்டருக்குக் குழப்பமாக இருந்தது.

“பதினொண்ணு நாப்பது பஸ்ஸை விட்டா அடுத்தது பன்னெண்டே கால்தான்” என்றார் டிரைவர், ஷூவுக்குள் கையைவிட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே. “மூணு பேரும் நொண்டி நொண்டி இறங்கறதுக்குள்ள அதுவும் போயிடும். சீக்கிரம்.”

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. வீட்டுக்காரம்மா கணவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்து, ஓரத்து இடத்தில் பையை வைத்தாள். சிஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் முதுகில் சுரீரென்றது. டிரைவர் முன்னால் எட்டி எட்டி, புது டிரைவர் கியர் மாற்றுவதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு நிறுத்தம் போனபிறகு, வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்க்காமலே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிஸ்டர் உட்கார்ந்தாள்.